பைக்கின் பின்பக்கத்தை இறக்குவது: லிங்க், ஷாக், அப்புறம் எல்லோரும் மறந்துவிடும் சைடு ஸ்டாண்டு

சிக்னலில் நிறுத்தும்போது பெருவிரல் நுனி மட்டும் தரையில் படுகிறது, சாலை கொஞ்சம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதுவும் படுவதில்லை, யூ டர்ன் எடுக்கும்போது பாதியில் நிற்க வேண்டி வந்தால் உயிர் போய் உயிர் வருகிறது. இந்த அவஸ்தை தெரிந்தவர்கள்தான் பைக்கின் பின்பக்கத்தை இறக்குவதைப் பற்றி யோசிப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். இதுவரை இரண்டு பைக்குகளை இறக்கியிருக்கிறேன், அதில் ஒன்றை ஒரே மாதத்தில் பழைய உயரத்துக்கே ஏற்றியும் இருக்கிறேன். ஏன் ஏற்றினேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் போல்ட்டைக் கழற்றி மாட்டுவது ஒரு மதிய நேரத்து வேலை, எங்கிருந்து எவ்வளவு குறைக்கிறோம் என்று புரிந்துகொள்வதுதான் பெரிய வேலை.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் சீட்டை ஒருமுறை பாருங்கள். கால் எட்டாததற்கு உயரம் மட்டும் காரணமில்லை, சீட்டின் அகலமும் காரணம். தொடை விரிந்து விரிந்து போவதில் 2, 3 செ.மீ. சும்மா போய்விடுகிறது. சீட்டின் முன்பகுதியில் இரண்டு ஓரங்களையும் செதுக்கி, நடுவில் ஃபோமை 15, 20 மி.மீ. குறைத்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், பைக்கின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் வராது. கொஞ்சம் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போட்டால் இன்னும் ஒரு செ.மீ. இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்பதும் கட்டாயமில்லை, ஒரு கால் நன்றாகப் பதிந்தால் போதும், மற்ற கால் பிரேக் மேல் இருக்கட்டும். இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதலில் அளவு

ஒரு டேப், ஒரு நோட்டு, கூட ஒரு ஆள். பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டின் மையத்திலிருந்து நேர் மேலே, பைக்கின் உடம்பில் அசையாத ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து சின்ன டேப் ஒட்டிக் குறி போடுங்கள். மூன்று அளவு வேண்டும். பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஒன்று. பைக் தன் சொந்த எடையில் தரையில் நேராக நிற்கும்போது ஒன்று. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நீங்கள் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று (கூட ஒருவர் முன்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டால் சரியாக வரும், அளக்க மூன்றாவது ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது).

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதுதான் ரைடர் சாக், அதாவது பைக்கின் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து பின் சஸ்பென்ஷனை அமுக்கும் அளவு. சாலையில் ஓட்டும் பைக்குக்கு இது பின் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 120 மி.மீ. ஓட்டம் உள்ள பைக்கில் 30 முதல் 40 மி.மீ. இந்த ஓட்டத்தைத்தான் டிராவல் என்கிறோம், மேனுவலில் போட்டிருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒல்லியான, எடை குறைந்த ஆட்களுக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும். கம்பெனி ஸ்பிரிங் உங்களைவிட கனமான ஒருவரை மனதில் வைத்துச் செட் செய்யப்பட்டிருக்கலாம், அப்போது உங்கள் சாக் 20 மி.மீ.தான் வரும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை) குறைத்து 35க்குக் கொண்டுவந்தால் 15 மி.மீ. உயரம் இலவசமாகக் குறைகிறது, சவாரியும் மெத்தென்று ஆகும். இது இறக்குவதே இல்லை, உங்கள் எடைக்கு பைக்கைச் சரி செய்வது. ஆனால் உங்கள் சாக் ஏற்கெனவே 40 இருக்கும்போது இன்னும் ப்ரீலோடைத் தளர்த்தி உயரம் குறைக்கப் பார்த்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அடி வரை போய் முட்டும். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான், கையில் ப்ரீலோடு வளையத்தைத் திருகும் சி ஸ்பானர் இருக்கிறதே என்று திருகிக்கொண்டே போவது. ப்ரீலோடைக் குறைப்பதால் ஸ்பிரிங் மென்மையாகிவிடுவதில்லை. அது எந்த இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது.

எங்கிருந்து குறைக்கிறோம்

பின்பக்கத்தை உண்மையிலேயே இறக்க இரண்டு வகை வழிகள் உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் உள்ளே நடப்பது வேறு.

முதல் வகையில் சக்கரத்தின் ஓட்டம் முழுவதும் அப்படியே மேலே நகர்கிறது. பின்னால் ஒரே ஷாக் உள்ள மோனோஷாக் பைக்கில், ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்கேஜ் என்ற நெம்பு அமைப்பு இருந்தால், அதில் டாக்போன் அல்லது லிங்க் என்று சொல்லும் இரண்டு தட்டைகளை மாற்றுவதும் (ஸ்விங் ஆர்ம் என்பது பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கை), இரட்டை ஷாக் பைக்கில் அதே ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) உள்ள நீளம் குறைந்த ஷாக் போடுவதும் இந்த வகை. 25 மி.மீ. இறக்கினால், சக்கரம் தொங்கும் நிலை 25 மி.மீ. மேலே வரும், முழுசாக அமுங்கிய நிலையும் கிட்டத்தட்ட 25 மி.மீ. மேலே போகும். டிராவல் குறையாது, ஆனால் டயர் முன்பு போகாத இடத்துக்கு இப்போது போகும். அங்கே மட்கார்டு இருக்கலாம், ஒயரிங் இருக்கலாம், பேட்டரி பெட்டியின் அடிப்பாகம் இருக்கலாம்.

இரண்டாவது வகை, ஷாக்கைப் பிரித்து உள்ளே ஒரு ஸ்பேசர் போட்டு அது நீளும் தூரத்தைக் குறைப்பது. இதில் முழுசாக அமுங்கிய நிலை மாறாது, அதனால் டயர் எங்கேயும் இடிக்காது. ஆனால் குறைத்த அளவு டிராவல் போய்விடும், மிச்சமிருக்கும் குறைந்த டிராவலில் அதே எடையைத் தாங்க ஸ்பிரிங்கும் கொஞ்சம் கடினமானதாகப் போட வேண்டி வரலாம். என்னைக் கேட்டால் தொழில்நுட்பரீதியாகச் சுத்தமான வழி இதுதான், ஆனால் வீட்டில் செய்யும் வேலை இல்லை. பெரும்பாலான மோனோஷாக்குகளுக்குள் நைட்ரஜன் வாயு அதிக அழுத்தத்தில் இருக்கிறது, ஸ்பிரிங்கும் இறுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீர்கள்.

லிங்கேஜ் இல்லாமல் நேராக ஸ்விங் ஆர்மிலும் ஃபிரேமிலும் மாட்டிய மோனோஷாக் என்றால் டாக்போன் வழியே கிடையாது. நீளம் குறைந்த ஷாக், இல்லை உள்ளே ஸ்பேசர், இரண்டில் ஒன்றுதான். அதில் ஷாக் நீளத்தில் 10 மி.மீ. குறைந்தால் சக்கரத்தில் 20, 30 மி.மீ. வரை குறையலாம், ஷாக் ஸ்விங் ஆர்மின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக்சிலுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட நேராக நிற்கும் இரட்டை ஷாக் என்றால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று.

இரட்டை ஷாக்கின் கீழ் முனையில் மாட்டி அதன் இடத்தை நகர்த்துகிற குட்டி பிராக்கெட்டுகளும் விற்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஷாக் வேலை செய்யும் கோணமே மாறுகிறது, முழு சுமையும் ஒரு போல்ட்டிலிருந்து தள்ளி நிற்கும் இன்னொரு போல்ட்டின் மேல் வருகிறது.

எவ்வளவு

25 மி.மீ. அதாவது ஒரு அங்குலம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மிச்சத்தை சீட்டில் எடுங்கள். இதுதான் என் கணக்கு, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சக்கரங்களுக்கு இடையே 1400 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். பின்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் மொத்த பைக்கும் சுமார் 1 டிகிரி பின்னால் சாய்கிறது. ஒரு டிகிரி என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் முன் ஃபோர்க்கின் சாய்வும் அதே 1 டிகிரி கூடுகிறது, 24 டிகிரி இருந்தது 25 ஆகிறது, 17 அங்குலச் சக்கரம் உள்ள பைக்கில் டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 6 மி.மீ. கூடுகிறது. விளைவு, திருப்பத்தில் பைக் சோம்பேறித்தனமாகத் திரும்பும். முன் சக்கரத்தின் மேல் எடையும் கொஞ்சம் குறையும். ஸ்விங் ஆர்ம் முன்பு இருந்ததைவிடத் தட்டையாகிவிடுவதால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின்பக்கம் அதிகமாக உட்காரும், வளைவை விட்டு வெளியே வரும்போது பைக் அகலமாக ஓடப் பார்க்கும்.

என் முதல் பைக்கில் ஆசை தாங்காமல் 40 மி.மீ. இறக்கினேன், முன்பக்கத்தைத் தொடவே இல்லை. நேர் ரோட்டில் ராஜா மாதிரி இருந்தது, கால் இரண்டும் தரையில் பதிந்தது. முதல் மலைப்பாதை வளைவில் நான் நினைத்த கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி போய்விட்டேன், அடுத்த வளைவில் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசிச் சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவுடன் பழைய லிங்க்கைத் தேட ஆரம்பித்தேன்.

அதனால் பின்னால் இறக்கினால் முன்னாலும் கொஞ்சம் இறக்குங்கள். வழி சுலபம்: ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் டிரிபிள் கிளாம்பில் மேலே தள்ளுவது. பின்னால் 25 என்றால் முன்னால் 10, 15 மி.மீ.யில் ஆரம்பித்து ஓட்டிப் பாருங்கள். அதைவிட அதிகமாகத் தள்ளுவதற்கு முன்னால், ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது முன் மட்கார்டும் டயரும் கீழ் கிளாம்பையோ ரேடியேட்டரையோ தொடாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் போட்டு முன்பக்கம் குனியும்போது அங்கே இடித்தால் விளைவைச் சொல்லவே வேண்டாம்.

இடிக்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது

மேலே எடுத்த அளவுகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது டயரின் உச்சிக்கும் மட்கார்டின் உள்பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி? 110 மி.மீ. என்று வையுங்கள். மொத்த டிராவல் 120, உங்கள் சாக் 35, ஆக இன்னும் 85 மி.மீ. சக்கரம் மேலே வரலாம். 110இல் 85 போனால் 25 மிச்சம், அதுதான் கம்பெனி விட்டு வைத்த பாதுகாப்பு. லிங்க் மாற்றி 25 மி.மீ. இறக்கினால் மிச்சம் பூஜ்யம், பெரிய பள்ளத்தில் டயர் மட்கார்டை முத்தமிடும். அப்போது 15 மி.மீ. இறக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அல்லது ஸ்பேசர் வழிக்குப் போக வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை போடுங்கள்.

வேலை: லிங்கேஜ் உள்ள மோனோஷாக்

லிங்க் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள நீளத்தில் சில மி.மீ. மாறினாலே சக்கரத்தில் பல மடங்காகத் தெரியும், ஆகவே இரும்புப் பட்டையை வெட்டி டிரில் போட்டுக்கொள்கிறேன் என்று இறங்காதீர்கள். இரண்டு லிங்க்கிலும் துளை இடைவெளி துல்லியமாக ஒன்றாக இல்லாவிட்டால் லிங்க்கோடு சேர்ந்து ஆடும் ராக்கர் முறுக்கிக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். பெரும்பாலான பைக்குகளில் நீளமான லிங்க் போட்டால் பின்பக்கம் இறங்கும். சில அமைப்புகளில் நேர்மாறு, வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைக்கைத் தூக்குவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு இந்த வேலைக்கு உதவாது. அதில் பைக்கின் எடை முழுக்க ஸ்விங் ஆர்ம் வழியாகத்தான் இறங்குகிறது, லிங்க் போல்ட்டை உருவியவுடன் பைக்கின் பின்பக்கம் பொத்தென்று கீழே வரும். எடை ஃபிரேமில் நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டால் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுகளைப் பிடித்து இரண்டு பக்கமும் தாங்கும் ஸ்டாண்டு, அல்லது மேலே உறுதியான உத்தரத்திலிருந்து பெல்ட் போட்டு சீட்டைத் தாங்கும் சப்ஃபிரேமில் கட்டுவது. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைப்பதானால் எண்ணெய்ச் சட்டியின் மெல்லிய தகட்டில் வைக்காமல் பலகை கொடுத்து உறுதியான இடத்தில் வையுங்கள், சைலன்ஸர் குழாய் மேல் வைக்கவே கூடாது. முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இழுத்துக் கட்டி, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள்.

தூக்குவதற்கு முன்னால், பைக் தரையில் நிற்கும்போதே லிங்க் போல்ட்டுகளை லேசாக அசைத்து மட்டும் விடுங்கள். வருடக்கணக்கில் இறுகிப்போன நட்டுகள் நிறைய பலம் கேட்கும், ஸ்டாண்டு மேல் நிற்கும் பைக்கில் அந்தப் பலத்தைக் காட்டினால் பைக்கே ஆடிவிடும். துரு இருந்தால் முந்தைய நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வைத்திருங்கள்.

தூக்கிய பிறகு பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்ன ஜாக்கியோ அடுக்கிய பலகைகளோ வையுங்கள். சக்கரத்தை ஒரு மி.மீ. ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் போல்ட் மேல் எந்தச் சுமையும் இல்லாமல் விரலால் சுழலும். அந்த இடம்தான் வேண்டும். சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டியிருந்தால் உயரம் சரியில்லை என்று அர்த்தம், அடிக்காமல் ஜாக்கியை நகர்த்துங்கள். போல்ட்டுகளை எந்தப் பக்கமிருந்து எப்படி வந்தன என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலை எந்தப் பக்கம் என்பது முக்கியம், மாற்றி மாட்டினால் சில பைக்குகளில் போல்ட்டின் நுனி செயினிலோ சைலன்ஸரிலோ தட்டும்.

லிங்க் கையில் வந்த பிறகு அவசரப்பட்டு புதியதை மாட்டிவிடாதீர்கள். ராக்கருக்குள் இருக்கும் ஸ்லீவை மெதுவாக வெளியே தள்ளி நீடில் பேரிங்கைப் பாருங்கள். சில பேரிங்குகளில் ஊசிகள் கூண்டில்லாமல் தனித்தனியாக அடுக்கியிருக்கும், கவனிக்காமல் இழுத்தால் எல்லாம் கொட்டிவிடும், எத்தனை இருந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு நடந்திருக்கிறது, கடைசி ஊசி மறுநாள் காலை செருப்பில் கிடைத்தது. பழைய கிரீஸைத் துடைத்து, துரு இல்லாவிட்டால் தண்ணீர் தாங்கும் நல்ல கிரீஸ் தாராளமாக வைத்து மூடுங்கள். நிறைய பைக்குகளில் இந்த இடம் பல வருடம் கிரீஸையே பார்த்திருக்காது. இந்த ஒரு காரியத்தாலேயே சவாரி மாறுவதை உணர்வீர்கள், பிறகு அதற்கும் புது லிங்க்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

புது லிங்க்கை மாட்டும்போதும் போல்ட் கையால் தள்ளினாலே போக வேண்டும், சக்கரத்தை இப்போது கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். லாக் நட் என்றால் புதிது போடுங்கள், பழையதன் பிடிப்பு போயிருக்கும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம், எவ்வளவு என்பதை மேனுவலிலிருந்து எடுங்கள், கை உணர்வை நம்பாதீர்கள். எல்லாம் இறுக்கிய பிறகு, தரையில் இறக்குவதற்கு முன்னாலேயே லிங்க்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும், லிங்க்குக்கும் சைலன்ஸருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தரையில் நின்ற பிறகு இன்னொரு முறை, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து அமுக்கும்போது மூன்றாம் முறை.

இரட்டை ஷாக் என்றால்

இது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஒரு இடத்தைத் தவிர. அதே நீளமுள்ள ஷாக்கை மாற்றும்போது ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிவிட்டு அடுத்த பக்கம் போகலாம், மற்றது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீளம் குறைந்ததைப் போடும்போது இந்த வித்தை பலிக்காது. ஒரு பக்கம் பழைய நீளம் மறுபக்கம் புது நீளம் என்றால் துளையே சேராது. ஆகவே பைக்கை ஃபிரேமில் தாங்கிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கையும் ஒரேயடியாகக் கழற்றுங்கள். சக்கரத்தை மெதுவாக ஏற்றிப் புதியவற்றைச் சேருங்கள். வாஷர்களின் வரிசையைக் கலைக்காதீர்கள், உள்பக்கம் போட வேண்டியதை வெளிப்பக்கம் போட்டால் ஷாக் சாய்ந்து உட்காரும்.

ஷாக்கின் கண்ணில் ரப்பர் புஷ் இருந்தால் கடைசி இறுக்கத்தை பைக் தரையில் தன் எடையில் நிற்கும்போது கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு இறக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். புதிய ஷாக்கில் இரண்டு பக்கமும் ப்ரீலோடு ஒரே படியில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முன் ஃபோர்க்

முன்பக்க எடையை ஜாக்கியில் தாங்கிவிட்டு ஃபோர்க்கின் ஒரு பக்கத்தை முடித்தபின் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மேல் கிளாம்பு, கீழ் கிளாம்பு இரண்டின் போல்ட்டையும் தளர்த்தி, குழாயை முறுக்கியபடி மேலே தள்ளி, மேல் கிளாம்புக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து இறுக்குங்கள். இரண்டு பக்கமும் அரை மி.மீ.க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஹேண்டில்பார் குழாயிலேயே மாட்டியிருக்கும் பைக்குகளில் அதையும் தளர்த்த வேண்டும். முடிந்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எந்தக் கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடவில்லை என்று பாருங்கள்.

இறக்கிய பிறகுதான் பாதி வேலை

சாக்கை மறுபடி அளங்கள். புது லிங்க் போட்டால் ஷாக்கின் மேல் விழும் நெம்பு விகிதமும் மாறியிருக்கும், அதே ப்ரீலோடில் சாக் 35 இருந்தது 42 ஆகியிருக்கலாம். ப்ரீலோடை ஏற்றி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறக்கிய உயரத்தில் கொஞ்சம் திரும்பப் போகும், பரவாயில்லை, அதுதான் உண்மையான கணக்கு.

செயினை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். இறக்கிய பைக் நிற்கும்போதே அந்தக் கோட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆகவே மேனுவலில் போட்ட தளர்வு அளவு இனி அப்படியே பொருந்தாது. சஸ்பென்ஷன் லிங்க் கழன்றிருக்கும்போதே சக்கரத்தை ஏற்றி மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, அந்த நிலையிலும் செயின் கொஞ்சம் ஆடும்படி வைத்துவிடுங்கள். பிறகு எல்லாம் மாட்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது எவ்வளவு தளர்வு காட்டுகிறது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். இனி அதுதான் உங்கள் பைக்கின் எண்.

சைடு ஸ்டாண்டுக்கு வருவோம். பைக் இறங்கிவிட்டது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. இப்போது பைக் கிட்டத்தட்ட நேராக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒரு காற்று அடித்தாலோ தரை கொஞ்சம் மறுபக்கம் சரிந்திருந்தாலோ எதிர்ப் பக்கம் விழும். என் பைக் அப்படித்தான் விழுந்தது, பக்கத்தில் யாரும் இல்லை, பிரேக் லீவரோடு போயிற்று. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் மெல்லிய பலகைகளை ஒரே உயரத்துக்கு அடுக்கிக்கொண்டே போங்கள், ஸ்டாண்டு மட்டும் தரையில். பழைய சாய்வு எந்த உயரத்தில் வருகிறதோ, கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான் ஸ்டாண்டில் வெட்ட வேண்டியது. வெல்டிங்கை கை தேர்ந்தவரிடம் கொடுங்கள், அப்போது பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது ஸ்டாண்டைத் தனியே கழற்றியே கொடுத்துவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போடுவதும் இனி கஷ்டம், பைக்கை அதிக உயரம் தூக்க வேண்டும். பின் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றிவிட்டு ஸ்டாண்டு போட்டால் வேலை முடிந்தது.

ஹெட்லைட் வெளிச்சமும் பின்பக்கத்தோடு சேர்ந்து மேலே பார்க்கும். 1 டிகிரி என்றால் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 17 செ.மீ. மேலே போகிறது, எதிரே வருபவர் கண்ணில் நேராகப் படும். இறக்குவதற்கு முன்பே சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பைச் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தால் அதே தூரத்தில் நிறுத்தி ஹெட்லைட்டைத் திருகிச் சரி செய்வது ஐந்து நிமிட வேலை.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. ஷாக் தண்டு வெளியே தெரிந்தால் அதில் ஒரு ஜிப் டையை லேசாகக் கட்டி மேலே தள்ளி வையுங்கள், அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து எவ்வளவு டிராவல் செலவானது என்று தெரியும். மட்கார்டின் உள்பக்கம் விளையாட்டுக் களிமண் ஒரு பட்டையாக ஒட்டுங்கள், டயர் தொட்டிருந்தால் தடம் இருக்கும். முதலில் மெதுவாக, தனியாக, பழகிய பாதையில். வேகத்தடைகளில் அடி வயிறு உரசுகிறதா என்று கேளுங்கள். வளைவுகளில் பழைய சாய்வுக்குப் போகாதீர்கள், ஃபுட்ரெஸ்டும் சைலன்ஸரும் இப்போது தரைக்குப் பக்கத்தில் இருக்கின்றன, எங்கே உரசும் என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. பின்னால் ஆள் ஏற்றுவதானால் ப்ரீலோடை ஏற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பைக் இன்னும் வாரண்டியில் இருந்தால், இல்லை காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தால், அதை வேலைக்கு முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய லிங்க், போல்ட், சைடு ஸ்டாண்டை வெட்டாமல் வேறு வாங்கியிருந்தால் பழைய ஸ்டாண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மேலே பைக் பெயரும் பழைய சாக் அளவும் எழுதி, எங்கே வைத்தோம் என்று நினைவிருக்கும் இடத்தில் வையுங்கள். நான் 40 மி.மீ. இறக்கிய பைக்கை ஏற்ற வேண்டி வந்தபோது லிங்க்கின் ஒரு தட்டை கிடைத்தது, இன்னொன்று கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகியிருந்தது.